வியர்க்கும் கண்ணாடி, வெடிக்கும் சந்தேஷ்

ஜூலை மாதத்தில் கொல்கத்தா இனிப்புக் கடைகளில் கண்ணாடி துடைக்கவென்றே ஒரு பையன் இருப்பான். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு. ஷோகேஸின் இந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த இடம் மறுபடி மங்கிவிடும். வாங்க வந்தவர் விரலால் ஒரு வட்டம் தேய்த்து, உள்ளே இருப்பது என்ன சந்தேஷ் என்று பார்த்துக்கொள்வார். கீழே, பெட்டி தரையைத் தொடும் இடத்தில், ஒரு சாக்கு ஊறிப்போய்க் கிடக்கும். "கூலிங் பிரமாதம், அதான் இப்படி வியர்க்குது" என்பது கடைக்காரர்களின் வழக்கமான பெருமை. கூலிங் பிரமாதமாகவே இருக்கட்டும். கண்ணாடி மட்டம் என்பதற்கும் அதே தண்ணீர்தான் சாட்சி.

கைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். மழைக்காலத்தில் இந்த ஊரில் இது சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை 28 டிகிரி. 28க்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பில் பட்டாலும் அது தண்ணீரை விட்டுவிடும். பெட்டிக்குள் 4 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி என்றால் அதன் வெளிப்புறம் 16, 17க்கு இறங்கிவிடும். ஒழுகாமல் என்ன செய்யும்? இரட்டைக் கண்ணாடி போட்டால் 21, 22. இன்னும் ஒழுகும். நடுவில் ஆர்கான் வாயு நிரப்பி, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சும் கொடுத்த உயர்ந்த கண்ணாடி என்றால் 27, 27.5. அப்போதும் விளிம்பில்தான் நிற்கிறது. ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே போகலாம், கதை மாறாது. அதனால்தான் நல்ல பெட்டிகளில் கதவுச் சட்டத்துக்குள் மெல்லிய ஹீட்டர் கம்பி ஓடுகிறது. குளிர்விக்கிற பெட்டிக்கு ஹீட்டர்! அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே போகும். அதையும் கம்ப்ரசர்தான் வெளியே தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் மீட்டர் ஓடும்.

கடைக்குள் ஏ.சி. போட்டு 26 டிகிரி, 60 சதவீதம் ஆக்கிவிட்டால் பனிநிலை 17.6க்கு விழுகிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடியே மயிரிழையில் தப்பித்துவிடும். ஆனால் தெருவைப் பார்த்து வாயைத் திறந்து நிற்கிற கடைக்கு ஏ.சி. எந்தச் சுவருக்குள் நிற்கும்?

*

இன்னொரு கணக்கு. டெல்லியில் மே மாதம் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம். கொல்கத்தாவில் ஜூலை, அதே 32, 80. எந்த ஊர்க் காற்றைப் பெட்டிக்குள் இழுத்து 4 டிகிரிக்குக் கொண்டுவருவது கஷ்டம்? எல்லோரும் டெல்லி என்பார்கள். டெல்லிக் காற்று ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 54 கிலோஜூல் எடுக்க வேண்டும். கொல்கத்தாக் காற்றுக்கு 79. பத்து டிகிரி குறைவாக இருந்தும் ஒன்றரை மடங்கு வேலை. வித்தியாசம் முழுக்கத் தண்ணீர். இங்கே ஒரு கிலோ காற்றில் 24 கிராம் நீராவி இருக்கிறது. 4 டிகிரியில் நாலைந்து கிராம்தான் நிற்கும். மிச்சம் 20 கிராமை இறக்கி வைப்பதிலேயே உழைப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போய்விடுகிறது.

இந்த ஊரில் குளிர்ப்பெட்டிக்கு முதல் எதிரி வெயில் அல்ல, ஈரம். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துப் பெட்டி வாங்குகிறவர்கள் பாதி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் காலநிலை வகுப்பு என்று ஒரு எண் இருக்கும். கடைப் பெட்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 23953 தரத்தில், 3 என்றால் 25 டிகிரி, 60 சதவீதம். ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டை மனதில் வைத்தது. 4 என்றால் 30 டிகிரி, 55. 5 என்றால் 40 டிகிரி, 40: வறண்ட சூடு. 7 என்றால் 35 டிகிரி, 75. பெயர் போடாவிட்டாலும் அது கங்கைக் கரைதான். சென்னைக் கடற்கரைக்கும் பொருந்தும். மூன்றாம் வகுப்புப் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று இறக்கி பவானிபூரில் வைத்தால், அது பரீட்சை எழுதிய பாடம் வேறு, இங்கே கேட்கிற கேள்வி வேறு.

*

ஜாமாய் ஷஷ்டி. வங்காளத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து விருந்து போடும் நாள். ஜ்யேஷ்ட மாதம், வளர்பிறை சஷ்டி. அதாவது மே கடைசி அல்லது ஜூன். புழுக்கம் உச்சியில் நிற்கிற சமயம். மாப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மாதம் பார்த்திருக்கலாம் என்று குளிர்ப்பெட்டிகள் நினைக்கக்கூடும். அன்றைக்கு ஒவ்வொரு இனிப்புக் கடையிலும் திருவிழாக் கூட்டம்.

கவுண்டர் வகை ஷோகேஸில் வளைந்த கண்ணாடி வாடிக்கையாளர் பக்கம். கதவு விற்பவர் பக்கம். இழுக்கிற கதவு இரண்டு. வாடிக்கையாளர் திறப்பதில்லை, ஆகவே கதவு போட்ட பெட்டி என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஷஷ்டி அன்று கதவை யார் மூடுகிறார்கள்? ஒரு கை அட்டைப் பெட்டியைப் பிடித்திருக்கிறது, மறு கையில் இடுக்கி. மூடுவதற்கு மூன்றாவது கை வேண்டும். காலையில் எட்டு மணிக்கு விலகிய கதவு மத்தியானம்வரை அப்படியே நிற்கும்.

குளிர்ந்த காற்று கனமானது. கதவு திறந்ததும் கீழ்விளிம்பு வழியாக வழிந்து, நிற்பவரின் முழங்காலில் ஜில்லென்று படும். அந்த இடத்தை நிரப்ப மேல்விளிம்பு வழியாகத் தெருக்காற்று உள்ளே போகும். ஐந்நூறு லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 600 கிராம். ஒரு முறை முழுதாக மாறினால் 12 கிராம் தண்ணீர் உள்ளே வந்ததாகக் கணக்கு. நூறு முறை மாறினால் ஒரு லிட்டருக்கு மேல். அது முழுவதும் முதலில் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனியாக ஒட்டிக்கொள்கிறது.

பனி ஒட்டினால் காயிலின் தகடுகளுக்கு நடுவே உள்ள சந்து அடைபடும். சந்து அடைபட்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் காயில் இன்னும் குளிர்ந்து இன்னும் பனி பிடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, ரசமலாய் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. "கேஸ் போயிடுச்சு" என்று அவசரமாக மிஸ்திரியைக் கூப்பிடுவார்கள். கேஸ் எங்கும் போயிருக்காது. பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் பனிக்கட்டி கரைந்து கொட்டும். கூட்டம் நிற்கிறபோது அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கடைக்காரர் தருவார் என்பது வேறு விஷயம். சிலர் கத்தியால் குத்தி உடைக்கப் பார்ப்பார்கள். அப்போது நிஜமாகவே கேஸ் போகும்.

*

காற்று போகிற வழி. வேலை செய்கிறவர்களே இதைப் படம் வரைந்து பார்ப்பதில்லை.

நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டியில் விசிறி காற்றைக் காயில் வழியாகத் தள்ளுகிறது. குளிர்ந்த காற்று முதுகுத் தகட்டுக்குப் பின்னால் உள்ள குழாய் வழியே ஏறுகிறது. முதுகுத் தகட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றின் வழியாக ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம். மிச்சம் உச்சிக்குப் போய், முன்பக்கம் தேன்கூடு மாதிரி இருக்கும் கிரில் வழியாகக் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒரு திரையாக இறங்குகிறது. கீழே முன்பக்கம் இன்னொரு கிரில். அங்கே உறிஞ்சப்பட்டு மறுபடி விசிறிக்கு. கதவு மூடியிருக்கும்போது இந்தத் திரைக்குப் பெரிய வேலை இல்லை. திறக்கிற சில நொடிகளில்தான் வேலை, அப்போதும் அரைகுறையாகத்தான். சில பெட்டிகளில் கதவைத் திறந்ததும் விசிறி நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்தால் குளிரைத் தெருவுக்குத்தான் ஊதும்.

கொல்கத்தா இனிப்புக் கடை இந்த வழியை எங்கே அடைக்கிறது என்றால், தட்டில். கம்பித் தட்டாக இருந்தால் காற்று கீழே இறங்கும். இங்கே அலுமினியம் அல்லது எவர்சில்வர் டிரே, கண்ணாடியிலிருந்து முதுகுத் தகடுவரை ஒரு விரல் இடைவெளி இல்லாமல். அழகாகத்தான் இருக்கிறது. மேல்தட்டுக் காற்று மேல்தட்டிலேயே சுற்றுகிறது, கீழ்த்தட்டு தனி நாடு. டிரேயின் பின்பக்கத்துச் சந்தேஷ் ஓட்டைக்கு நேராக இருப்பதால் விறைத்துப் போகும். முன்வரிசை, விளக்குக்கு நேர் கீழே, வாடிக்கையாளர் கண்ணுக்கு முதலில் படுகிற அந்த வரிசைதான் அதிகச் சூடு. பழைய டியூப்லைட், ஹாலஜன் காலத்தில் இது இன்னும் மோசம், எல்.இ.டி. வந்து கொஞ்சம் காப்பாற்றியது. கீழ் கிரிலின் மேல் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர்ச் சட்டியை அடுக்கி வைப்பதும் உண்டு. திரும்புகிற வழியே அடைந்துவிட்டால் பிறகு எதைச் சொல்லி என்ன.

விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள், முன்னும் பின்னும். செலவில்லாத பழுதுபார்ப்பு. ஆனால் ஒரு டிரேக்கு ஒரு வரிசை குறையும். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

*

நெற்றியில் சிவப்பு எழுத்தில் எரிகிறதே 4 என்று, அது எதன் வெப்பம்? சென்சர் இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பம். பெரும்பாலும் விசிறிக்குப் பக்கத்தில். சந்தேஷின் வெப்பம் அல்ல.

சோதனைக்கூடத்தில் இப்படி ஏமாறுவதில்லை. ஐ.எஸ்.ஓ. சோதனையில் பெட்டி முழுக்க 'டைலோஸ்' என்ற செல்லுலோஸ் களியால் செய்த பொட்டலங்களை அடுக்குவார்கள். கொழுப்பில்லாத மாட்டிறைச்சி எப்படிச் சூடாகுமோ, குளிருமோ, அப்படியே அந்தக் களியும். சில பொட்டலங்களின் நடுவில் வெப்பமானி புதைத்திருக்கும். கதவை முறை வைத்துத் திறந்து திறந்து மூடி, அத்தனை பொட்டலங்களிலும் மிகச் சூடானது எது, மிகக் குளிர்ந்தது எது என்றுதான் பார்ப்பார்கள். சராசரிக்கு மட்டும் மார்க் கிடையாது. எம்1 என்ற முத்திரைக்கு மிகச் சூடான பொட்டலம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது, மிகக் குளிர்ந்தது மைனஸ் 1க்குக் கீழே போகக் கூடாது. எம்2வுக்கு 7 டிகிரிவரை சலுகை.

கடையில் இதைச் செய்ய டைலோஸ் வேண்டாம். ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் சமையல் தெர்மாமீட்டரைப் போட்டு, மேல்தட்டில் முன்பக்கம் விளக்கின் கீழே வைத்து, வியாபாரம் நடக்கும்போது இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். நான் வைக்கச் சொன்ன ஒரு கடையில் நெற்றியில் 4, டம்ளரில் 11. கடைக்காரர் முதலில் தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்பட்டார்.

*

வடக்குக் கொல்கத்தாவின் பழைய கைகள் இன்றும் சொல்வது: "ஃப்ரிட்ஜில் வைத்த சந்தேஷ் சந்தேஷே அல்ல." பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். அவர்கள் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது.

சந்தேஷ் என்பது சானா. பாலைத் திரித்து, மோர்த்தண்ணீரை வடித்து எடுத்தது. சர்க்கரையோடு சட்டியில் கிளறுவார்கள். அதிகம் கிளறிக் கெட்டியாக்கினால் கொரா பாக். ஈரமாகவே இறக்கினால் நொரொம் பாக். நொரொம் பாக்கின் உயிரே அந்த ஈரம்தான். 1826இல் தொடங்கிய பௌபஜாரின் பீம் சந்திர நாக், 1844இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி போன்ற கடைகள் கம்ப்ரசர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் வந்தவை. காலையில் செய்தது மாலையில் தீர்ந்தது. கண்ணாடி அலமாரி அன்று ஈயையும் தூசியையும் தடுக்கத்தான்.

இப்போது அதே நொரொம் பாக்கை விசிறி வைத்த பெட்டிக்குள் வையுங்கள். காற்று 4 டிகிரி, காயிலின் மேல்பரப்பு மைனஸ் 6 என்று இருந்தால், காயிலைத் தொட்டு வரும் காற்று கணக்குப்படி 45 சதவீத ஈரம்வரை காய்ந்துவிடும். காற்றில் ஒரு பகுதி காயிலைத் தொடாமல் நழுவிப் போவதால் நிஜத்தில் இவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் காய்ந்த காற்றுதான். அது ஓயாமல் சந்தேஷின் முகத்தில் ஊதிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஓரம் மஞ்சளாகி, அச்சில் வார்த்த சங்கின் வரிகளுக்குக் குறுக்கே மயிர்க்கோடாக வெடிப்பு விழும். விரலால் அழுத்தினால் மேலே ஒரு தோல், உள்ளே மாவு. ஒரு டிரேயைக் கூர்ந்து பார்த்தால் எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்றே சொல்லிவிடலாம். வெடிப்பு அந்தப் பக்கம்தான் முதலில் விழுகிறது.

வெளிப்பக்கம் தண்ணீர் வழிகிறது, உள்பக்கம் தாகத்தில் வெடிக்கிறது. நடுவில் ஒரு கண்ணாடி. தெருவின் தண்ணீரும் சந்தேஷின் தண்ணீரும் அதே காயிலில் பனியாகி, அதே குழாய் வழியாகக் கீழே உள்ள தொட்டியில் சொட்டுகின்றன.

காயிலை மைனஸ் 1இல் வைத்தே அதே 4 டிகிரியைக் கொண்டுவர முடிந்தால், அந்த 45 என்பது 69 ஆகும். அதற்குக் காயில் பெரிதாக வேண்டும். விசிறி மெதுவாக ஓட வேண்டும். சின்னக் காயில், வேகமான விசிறி என்றால் பெட்டி மலிவு, குளிர் சீக்கிரம், சந்தேஷ் வறட்டி. கோலா பாட்டிலுக்கு இது பிரச்சினையே இல்லை. மூடி போட்ட பாட்டிலுக்குத் தாகம் எடுக்காது. சிக்கல் என்னவென்றால் பாட்டிலுக்கு வடிவமைத்த விசி கூலரைத்தான் பாதிப் பேர் இனிப்புக்கும் வைக்கிறார்கள். விசிறியே இல்லாமல், மேலே காயிலை மாட்டி, குளிர் தானாக இறங்கும்படி விட்ட பழைய பாணி ஷோகேஸில் சந்தேஷ் காயாது. ஆனால் மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் வெப்பம் எக்கச்சக்கமாக வித்தியாசப்படும். காற்றை ஓட்டினால் வெப்பம் சமமாகும், ஈரம் போகும். ஓட்டாவிட்டால் ஈரம் நிற்கும், வெப்பம் சமமாகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இந்தத் தொழிலின் முழு வித்தை. என்னைக் கேட்டால் இனிப்புக்கு மெதுவான காற்று, குறைந்த தட்டுகள், உயரம் குறைந்த பெட்டி.

ஓர் ஓரக்குறிப்பு: கொல்கத்தாவில் சந்தேஷ் எண்ணிக்கைக்கு விற்கிறது, எடைக்கு அல்ல. ஈரம் போய் எடை குறைந்தால் கடைக்காரர் கல்லாவில் அது தெரியாது. நம் ஊரில் கிலோ கணக்கில் விற்கிறவர் என்றால் காய்ந்துபோகும் ஒவ்வொரு கிராமும் அவர் காசு. பெட்டியை எப்போதோ மாற்றியிருப்பார்.

*

5 டிகிரிக்கு வருகிறேன். குளிர வைக்க வேண்டிய பண்டத்தை 5 டிகிரிக்குள் வை, சூடாக வைக்க வேண்டியதை 60க்கு மேல் வை, நடுவில் விடாதே என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாடம். 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைப்பது கட்டாயம். ரசகுல்லா, ரசமலாய் வகைக்கு இரண்டு நாள் என்று ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. கடைகளில் டிரேக்கு டிரே சின்ன அட்டை முளைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்த அட்டையில் உள்ள தேதி, பண்டம் ஒழுங்கான குளிரில் இருந்தது என்ற நம்பிக்கையில் எழுதியது. டம்ளர் 11 காட்டுகிற மூலைக்கு அந்தத் தேதி செல்லுமா? சானா மாதிரி ஈரமும் புரதமும் சேர்ந்த பண்டத்தில் நுண்ணுயிர்கள் 5 டிகிரியில் நிதானமாகவும் 11இல் உற்சாகமாகவும் பெருகும். தேதி எழுதச் சொன்ன சட்டம், வெப்பத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கவும் சொல்லியிருக்கலாம்.

குளிரே வேண்டாம் என்று போனவரும் இந்த ஊரில் உண்டு. கே.சி. தாஸ் 1930இல் ரசகுல்லாவைத் தகர டப்பாவில் அடைத்தார். அது இன்றும் ரயிலேறி, விமானமேறிப் போகிறது. கம்ப்ரசர் துணை தேவையில்லை. பாகில் ஊறும் பண்டத்துக்கு அந்த வசதி உண்டு. நொரொம் பாக்கை டப்பாவில் அடைத்துக் கொதிக்கவைத்தால் வருவது வேறு எதுவோ.

*

லேக் மார்க்கெட். ராஷ்பிஹாரி அவென்யூவில் மல்லிகைப்பூவும் முருங்கைக்காயும் ஃபில்டர் காபித் தூளும் கிடைக்கிற, தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி. இங்கே குளிர்ப்பெட்டியில் இருப்பது இட்லி மாவு.

கடை வாசலில் ஒரு மாமி: "நேத்தி வாங்கிண்டு போன பாக்கெட் பொங்கி வழிஞ்சுடுத்து, ஃப்ரிட்ஜெல்லாம் புளிச்ச வாடை."

"அது வேற தட்டு மாமி. இந்தாங்கோ, கீழ்த்தட்டுலேர்ந்து தர்றேன்."

கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் தன் பெட்டியின் காற்றோட்டத்தை முழுதாகச் சொல்லிவிட்டார். மாவு உயிருள்ள சரக்கு. நாலைந்து டிகிரியில் புளிப்பு ஏறக்குறைய தூங்கும். பத்து பன்னிரண்டில் மெதுவாக மூச்சுவிடும். விட்ட மூச்சு பாக்கெட்டை உப்பவைக்கும். உப்பின பாக்கெட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுவில் இருந்த கொஞ்ச இடைவெளியையும் அடைக்கும். காற்று நுழையாது, இன்னும் சூடாகும், இன்னும் உப்பும். கதவைத் திறக்காமலே கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்: தட்டையாகக் கிடக்கும் பாக்கெட் இருக்கும் இடத்துக்குக் காற்று போகிறது, தலையணை மாதிரி இருக்கும் இடத்துக்குப் போகவில்லை. வலப்பக்க மேல்மூலை எப்போதும் தலையணைதான் என்று அவரே காட்டினார். கதவுக் கீல் இடப்பக்கம். கதவு திறக்கும்போது முதலில் தெருக்காற்று வாங்குகிற மூலை அது. நெய்யையும் ஊறுகாயையும் அங்கே மாற்றி வைக்கலாமே என்றேன். "மாவுதான் சார் கண்ணுக்கு முதல்ல தெரியணும்" என்றார்.

*

காற்றை ஓடவிடாமலே குளிரைக் காத்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. 1833 செப்டம்பரில் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் ஹூக்ளியில் வந்து நின்றது. பனிக்கட்டி வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அனுப்பிய சரக்கு அதில். புறப்பட்டபோது 180 டன்; நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் மிஞ்சியது. நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி! விசிறி இல்லை, கம்ப்ரசர் இல்லை. காற்று ஓடவே கூடாது என்பதுதான் டியூடரின் முழுத் தந்திரம்: நெருக்கி அடுக்கு, சுற்றிலும் மரத்தூள் திணி, மூடியதைத் திறக்காதே. கொல்கத்தாக்காரர்கள் பணம் திரட்டி ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அது இன்று இல்லை. அதே டியூடர் 1842இல் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் விவேகானந்தர் இல்லமாக மெரினாவைப் பார்த்து நிற்கிறது.

*

கதவே இல்லாத சூப்பர் மார்க்கெட் அலமாரிகள். பால், தயிர், பன்னீர் எல்லாம் கை எட்டும் தூரத்தில், காற்றுத்திரையை மட்டும் நம்பி. நிமிர்ந்த திறந்த அலமாரியில் குளிர்ச் சுமையில் முக்கால் பங்கு வெளிக்காற்று நுழைவதால் மட்டுமே வருகிறது. கதவு போட்டால் மின்சாரம் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் என்பது பரவலாக ஒப்புக்கொண்ட கணக்கு. "கதவு இருந்தால் வாங்க மாட்டார்கள்" என்று வியாபாரிகள் பயந்தார்கள். பிரான்சில் பெரிய கடைகளின் சங்கம் 2012இல் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு கதவு போட ஆரம்பித்தது. நம் ஊரில் கதவுக்கு யாரும் பயப்படவில்லை. பயப்பட வேண்டியது மூடாத கதவுக்கு.

ஏ.சி. மாலுக்குள் இருக்கும் திறந்த அலமாரியின் முன்னால் நின்றால் கால் விறைக்கும். அந்தக் குளிரையும் ஏ.சி. கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மேனேஜர் என்னிடம் வாதாடினார். கொல்கத்தா ஜூலையில் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் உண்டு, ஜனவரியில் இல்லை.

*

ஜனவரி. ஈரம் வடிந்த மாதம். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய நொலென் குர் வெல்லம் வந்துவிடும். கண்ணாடி பளிங்காக இருக்கும், துடைக்கிற பையனுக்கு வேறு வேலை. பாதிக் கடைகளில் கம்ப்ரசரை அணைத்துவிட்டு ஷோகேஸை வெறும் அலமாரியாகவே வைத்திருப்பார்கள். காலையில் 13, 14 டிகிரி இருக்கும்போது மனது கேட்காதுதான். மத்தியானம் 25ஐத் தொடுகிறதே என்று சொன்னால், "அதுக்குள்ள வித்துடும்" என்பார்கள். நொலென் குர் சந்தேஷ் விஷயத்தில் பெரும்பாலும் அது உண்மை.

மிஷ்டி தோய் மட்டும் வருஷம் முழுக்கக் குளிரில். சுட்ட, பூச்சில்லாத மண்சட்டி என்பதால் அதன் நடத்தை தனி. குளிரிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கப் ஒரு நிமிஷத்தில் முத்து முத்தாக வியர்க்கும். மண்சட்டியின் மேலும் அதே அளவு தண்ணீர் படிகிறது. சட்டி அதைக் குடித்துவிடுவதால் கைக்கு ஈரம் தெரிவதில்லை. பெட்டிக்குள் இருக்கும்போது சட்டி வழியாகவும் தயிரின் தண்ணீர் கசிந்து ஆவியாகும். முதல் நாள் அது தயிரைக் கெட்டியாக்கும், நல்லது. மூன்றாம் நாள் தயிர் சட்டியின் சுவரைவிட்டு விலகி நிற்கும்.

*

2020 மே 20, ஆம்பன் புயல். நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கண்ணாடிக் கதவுப் பெட்டி மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். டீப் ஃப்ரீசர் ஓரளவு நின்றது. மேலே திறக்கும் மூடி, கனத்த காப்பு. கண்ணாடிப் பெட்டி அன்றைய பொழுதைக்கூடத் தாண்டவில்லை. காட்டுவதற்கென்று செய்த பெட்டியைச் சேமிப்புக் கிடங்காக நம்பக் கூடாது.

*

மிஸ்திரியோடு ஒரு மத்தியானம். அடித்தட்டுப் பலகையைக் கழற்றினால் கண்டென்சர் தெரியவில்லை, கம்பளி தெரிகிறது. மாவுத் தூசி, துணி நூல், எலி கொண்டுவந்த காகிதம், இரண்டு கரப்பான். சூட்டை வெளியேற்ற வேண்டிய இடம் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தகடுகளின் போக்கிலேயே தேய்த்தார்; குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். பிறகு ஊதல். அரை மணி நேரத்தில் கம்ப்ரசரின் முனகல் குறைந்தது. கதவு காஸ்கெட்டில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். மூன்று பக்கம் பிடித்தது. கீழ்ப்பக்கம் நோட்டு தானாக விழுந்தது. குளிர் வழிவதே அந்தப் பக்கம்தான்.

தண்ணீர்த் தொட்டி வேறு நிரம்பியிருந்தது. கம்ப்ரசரின் சூடான குழாய் அதன் வழியே ஓடித் தண்ணீரை ஆவியாக்கும் என்பது ஏற்பாடு. வெளிக்காற்றே 80 சதவீதம் ஈரமாக இருக்கையில் ஆவி எங்கே போகும்? குழாயை நீட்டி நேராகச் சாக்கடைக்கு விட்டுவிடுவதே இந்த ஊருக்குச் சரி என்றார்.

கடைக்காரர் புதுப் பெட்டி வாங்கும் யோசனையில் இருந்தார். மிஸ்திரி எழுதிக்கொடுத்தது: பெரிய காயில், இரண்டு மெதுவான விசிறி, இரட்டைக் கண்ணாடி, தானாக மூடும் கதவு, கம்பித் தட்டு. விலை ஏறும் என்றும் சொன்னார். கடைக்காரர் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே விளக்கு எத்தனை வரும் என்று கேட்டார்.